கையெழுத்துப் போடுறவங்க மட்டும் இருங்க

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டுக்குப் போகிற சாலையில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவருடைய அறை. அதில் இரண்டே நாற்காலிகள். ஒன்று அவருக்கு, இன்னொன்று கையெழுத்துப் போட வந்தவருக்கு. கூட வந்தது அண்ணனோ, மாமியாரோ, புரோக்கரோ, யாராக இருந்தாலும் உட்கார இடம் கிடையாது. நிற்கவும் விடமாட்டார்.

"கையெழுத்துப் போடுறவங்க மட்டும் இருங்க. மத்தவங்க கீழ போங்க."

அவர் வாயிலிருந்து நான் முதலில் கேட்ட வார்த்தைகள் இவைதான். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. உலகத்தில் நான் அதிகமாக வெறுத்த மனுஷி யார் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், அந்த நோட்டரி மேடத்தைத்தான் சொல்லியிருப்பேன்.

அப்பா ஒரு அரசு அலுவலகத்தில் பதிவறை எழுத்தராக இருந்தார். ஓய்வு பெற நான்கு வருஷம் பாக்கி இருக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். கருணை அடிப்படையில் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கிடைக்கும் என்றார்கள். பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர், நானும் தங்கை சுதாவும். அவள் எம்.காம். முதல் வகுப்பு. நான் அரியர் எழுதி எழுதி பி.ஏ. தேறியவன். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கம் செல்போன் கடை போட்டு, ஒன்றரை வருஷத்தில் மூடியவன்.

யாருக்கு அந்த வேலை என்று எங்கள் வீட்டில் பேச்சே எழவில்லை. குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த மாமா, விண்ணப்பத்தில் என் பெயரை எழுதினார். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். சுதா எல்லோருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். மற்ற வாரிசுகள் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று பிரமாணப் பத்திரம் எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அதை இழுத்தடித்து, விண்ணப்பத்துக்குக் கடைசி நாளுக்கு முந்தின நாள் மாலைதான் மஞ்சக்குப்பம் போனோம். டைப் அடித்துக் கொடுத்தவர் மாடியைக் காட்டினார்.

அம்மா கையெழுத்துப் போட்டு இறங்கிவரப் பத்து நிமிஷம் ஆயிற்று. அடுத்து சுதா போனாள். நானும் மாமாவும் கீழே ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றோம். பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று. மாமா மூன்று தடவை மணி பார்த்தார். நான் சத்தமில்லாமல் படியேறி எட்டிப் பார்த்தேன். சுதா முகத்தைத் துப்பட்டாவால் மூடியிருந்தாள். அந்த அம்மாள் மேஜை மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "கீழ போங்க" என்றார். குரல் உயரவில்லை. ஆனாலும் போனேன்.

கடைசியில் அவரே படி இறங்கி வந்தார். குட்டையான உருவம், சாயம்போன நீலப் பருத்திப் புடவை, வலது கட்டைவிரலில் ஊதா மை. பத்திரத்தை மாமாவிடம் நீட்டினார்.

"இன்னைக்கு இதுல நான் முத்திரை போட மாட்டேன்."

"ஏன்? ஆதார் இருக்கு, போட்டோ இருக்கு, ஆளு நேர்ல வந்திருக்கு. இன்னும் இன்னா வேணும் ஒங்களுக்கு?"

"அவுங்க வேணும். அவுங்க மனசோட போடணும். ஒரு வாரம் கழிச்சுக் கூட்டியாங்க."

"நாளைக்குக் கடைசி நாளு மேடம்!"

"அது எனக்குத் தெரியும். பேப்பர்ல இருக்கு."

"அந்தப் பொண்ணு ஒங்ககிட்ட இன்னா சொல்லிச்சு?"

"அத நான் சொல்ல மாட்டேன்."

மாமா கத்தினார். இந்தத் தெருவில் நோட்டரிக்குப் பஞ்சமா, வேறு ஆளிடம் போகிறோம் என்றார். "தாராளமா போங்க" என்று சொல்லிவிட்டு, சுதாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் மேலே ஏறிப் போய்விட்டார்.

நாங்கள் போனோம். நாலு கடை தள்ளி இன்னொருவர் இருந்தார். அவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே, எந்த இடத்தில் போடவேண்டும் என்று பேனாவால் தொட்டுக் காட்டினார். சுதா போட்டாள். முத்திரை விழுந்தது. எல்லாம் சேர்த்து மூன்று நிமிஷம். மறுநாள் விண்ணப்பம் கொடுத்தோம். ஏழு மாதத்தில் எனக்கு வேலை வந்தது.

வேலை வந்தபோது என்னை உட்காரவைத்த மேஜைதான் எனக்கு வினையாக அமைந்தது. வருகிற விண்ணப்பங்களின் இணைப்புகளைச் சரிபார்க்கும் மேஜை. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பிரமாணப் பத்திரங்கள் என் கையால் புரளும். பாதிக்கு மேல் மஞ்சக்குப்பம் முத்திரைகள். மற்றவர்களின் முத்திரை இருந்தால் ஆளுக்கும் போட்டோவுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று பார்ப்பேன். சில பத்திரங்களில் கையெழுத்துப் போட்டவர் அந்தத் தேதிக்கு முன்பே இறந்திருப்பார். அந்த அம்மாளின் முத்திரை இருந்தால் பார்க்கவே தேவையில்லை. அடியில் நேரான கையெழுத்தில், "படித்துக் காட்டி, பொருள் சொல்லி, தனியே கேட்டபின்" என்று தமிழில் எழுதியிருப்பார். அப்படி எழுதவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அதைப் பார்த்ததும் தாளை அவசரமாகப் புரட்டிவிடுவேன்.

அலுவலக வேலையாக அவரிடம் போகவேண்டி வந்தது. அசலோடு ஒப்பிட்ட நகல்கள், சந்தேகப்பட்ட கையெழுத்துகள். முதல் தடவை போனபோது என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். கண்ணில் தெரிந்தது. நீட்டிய தாளை வாங்கிக்கொண்டார். போகப் போக வாரம் ஒரு தடவையாவது அந்தப் படியில் நிற்பேன். உள்ளே நடப்பது அரைகுறையாகக் காதில் விழும்.

எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். அவரும் ஒரே பதில்களைத்தான் சொன்னார். ஒரு தடவைகூட அலுத்துக்கொண்டு நான் கேட்டதில்லை.

"ஆளு கட்டாயம் வரணுமா மேடம்? துபாய்ல இருக்காரு. வாட்ஸ்அப் வீடியோல காட்டட்டுமா?"

"காட்டுங்க, நல்லா இருக்காரான்னு பாக்குறேன். முத்திரை போடணும்னா அங்க இருக்குற தூதரகத்துக்குத்தான் போகணும்."

"ஒரிஜினல் வீட்ல இருக்கு. கலர் ஜெராக்ஸ் அப்டியே ஒரிஜினல் மாதிரியே இருக்கும்."

"மாதிரிக்கு நான் என்ன எழுதுறது?"

"போன மாசத் தேதி போட்டுக் குடுத்தா போதும் மேடம்."

இதற்கு அவர் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் அன்றைய தேதி சரியாக இருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பார். கேட்டவர் எழுந்துவிடுவார்.

"நீங்க முத்திரை போட்டா, இதுல எழுதியிருக்கறது எல்லாம் உண்மைன்னு ஆயிடும்ல?"

"ஆகாது. இதச் சொன்னது நீங்கதான்னு நான் சொல்றேன். அவ்ளோதான். பொய்யா இருந்தா கோர்ட்ல நிக்கப்போறது நீங்க. அதனாலதான் இன்னொரு தடவ படிச்சுக் காட்டுறேன், கேளுங்க."

ஆங்கிலத்தில் இருந்தால் வரிக்கு வரி தமிழில் சொல்வார். வந்தவருக்குப் பொறுமை இருக்காது, அவருக்கு இருக்கும். அப்புறம் தாழ்ந்த குரலில் கடைசிக் கேள்வி வரும். "யாராச்சும் போடச் சொன்னாங்களா?" அதற்கு வரும் பதில் எதுவும் படிக்குக் கேட்டதில்லை.

அவரை ஒரு தெய்வமாக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த ஒரு மீனவரை நான் பார்த்தேன். படகில் போன மகன் பக்கத்து நாட்டுச் சிறையில் இருந்தான். அவனுக்காக ஏதோ ஒரு பிரமாணப் பத்திரம் அவசரமாக அனுப்ப வேண்டியிருந்தது. ரேஷன் கார்டில் அவர் பெயர் ஒரு விதமாக, ஆதாரில் வேறு விதமாக, தகப்பன் பெயரும் மாறி. ரெண்டும் ஒரே ஆள்தான் என்று ஊர்த் தலைவரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார் மேடம். வாங்கி வந்தார். அதில் தலைவர் கையெழுத்துப் போட்டிருந்தார், தேதி போடவில்லை. மேடம் திரும்ப அனுப்பினார். அந்த மனிதர் படியில் உட்கார்ந்து அழுதார். கால் முழுக்க உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. நான் உள்ளே போய், "மேடம், நான் அவர எங்க ஆபீஸ்ல பாத்திருக்கேன், அவருதான்" என்றேன்.

"நீங்க ரெஜிஸ்டர்ல சாட்சிக் கையெழுத்துப் போடுறீங்களா? அவர எத்தன வருஷமாத் தெரியும்?"

நான் படிக்கே திரும்பிவிட்டேன். மறுநாள்தான் அவருக்கு முத்திரை கிடைத்தது. அந்த ஒரு நாளால் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. மேடத்தின் முகத்தில் வருத்தம் இருக்கிறதா என்று பார்த்தேன். அப்படி எதையும் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருஷமோ நாலாம் வருஷமோ, கூட்டம் இல்லாத ஒரு மத்தியானத்தில் நான் கேட்டே விட்டேன்.

"மேடம், என் தங்கச்சி அன்னைக்கு ஒங்ககிட்ட என்ன சொன்னா?"

அவர் மை ஒற்றும் அட்டையை மூடி வைத்தார்.

"அவுங்க எங்கிட்ட சொன்னது அது. ஒங்களுக்குத் தெரியணும்னா அவுங்களக் கேளுங்க."

"கேட்டா சொல்லுவாளா?"

"கேட்டுப் பாத்தீங்களா?"

நான் கேட்டிருக்கவில்லை. அதற்குள் சுதாவைச் சிதம்பரத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாமாதான் பார்த்த இடம். தெற்கு வீதிக்குப் பின்னால் சொந்த வீடு, பாத்திரக் கடை, மாப்பிள்ளையும் அவருடைய அண்ணனும் சேர்ந்து பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண் குழந்தை பிறந்தது. பண்டிகைக்கு வருவாள். நன்றாக இருக்கிறேன் என்பாள். நானும் அதற்கு மேல் கேட்கமாட்டேன். வேறொரு கேள்வியும் கூடவே வந்துவிடும் என்று எனக்குப் பயம்.

குழந்தைக்கு ஆறு வயசு ஆனபோது, ஒரு செவ்வாய்க்கிழமை, ஆபீஸ் நேரத்தில் அவளிடமிருந்து போன் வந்தது.

"ண்ணா, அந்த மேடம் இன்னும் இருக்காங்களா?"

எந்த மேடம் என்று நான் கேட்கவில்லை.

முழுக் கதையும் அப்போதுதான் வந்தது. மாப்பிள்ளைக்கு வேறொரு இடத்தில் பழக்கம். வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்களாம். முத்திரைத் தாளில் எழுதி வைத்திருக்கிறார்கள். இருவரும் மனம் ஒத்துப் பிரிகிறோம், குழந்தை தகப்பனோடு இருக்கும், பின்னால் எந்த வழக்கும் போடமாட்டேன் என்று. வியாழக்கிழமை ஒரு நோட்டரியை வீட்டுக்கே கூட்டிவந்து முடித்துவிடலாம் என்று மாப்பிள்ளையின் அண்ணன் சொல்லியிருக்கிறார்.

"போடுறேன்னு சொல்லிட்டேன். ஆனா கடலூர் மேடம் வந்தாத்தான் போடுவேன்னு சொன்னேன். யாரா இருந்தா என்ன, முத்திரைதானே, வரச் சொல்லுன்னுட்டாங்க. நீ கூட்டியாறியா?"

நான் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன். மேடம் முழுக்கக் கேட்டுவிட்டு, "அவுங்க கூப்டாங்களா, நீங்க கூப்புடுறீங்களா?" என்றார். போன் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர், ரிசீவரைக் கையால் பொத்துகிற பழக்கத்தில் செல்போனைப் பொத்தியபடி என்னைப் பார்த்தார். நான் கீழே இறங்கிப் போனேன்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் போனோம். மேடம் ஜன்னலோரம், மடியில் ரெஜிஸ்டர் பையோடு உட்கார்ந்து வந்தார். புதுச்சத்திரம் தாண்டும்போது, "அங்க நீங்க கோபப்படக் கூடாது" என்றார்.

வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அண்ணன், மாமியார், அவர்கள் பக்கத்துச் சாட்சிகள் இரண்டு பேர். சுதா சமையலறை வாசலில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரொம்ப இளைத்திருந்தாள். மேடம் தாளை வாங்கி நின்றபடியே படித்தார்.

"இந்தப் பேப்பர்னால விவாகரத்து ஆகாது. கோர்ட்டுக்குத்தான் போகணும்."

"இங்க எல்லாரும் இப்டித்தான் மேடம் பண்றாங்க" என்றார் அண்ணன்.

"பண்ணுவாங்க."

"அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க?"

"அவுங்க கையெழுத்துப் போடுறேன்னு கூப்டாங்க. போடுறாங்களான்னு கேக்க வந்தேன். கையெழுத்துப் போடுறவங்க மட்டும் இருங்க. மத்தவங்க வெளிய போங்க."

அண்ணன் சிரித்தார். எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். திரும்பி வந்து கதவுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"யாரும் எங்கியும் போவல. எங்க வூட்டுல எங்கள வெளிய போவச் சொல்றதுக்கு நீங்க யாரு? கையெழுத்து ஆவட்டும், கதவத் தொறக்குறேன்."

குழந்தை அழ ஆரம்பித்தது. அண்ணனின் கை நாற்காலிப் பிடியைத் தட்டிக்கொண்டே இருந்தது. மேடத்தைப் பார்த்தேன். பையின் ஜிப்பைத் திறக்க முயன்றுகொண்டிருந்தார். முடியவில்லை. பிடி விரலிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. அவருக்குப் பயம் என்பதே கிடையாது என்று அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அறுபதைத் தாண்டிய, உயரம் குறைந்த ஒரு பெண்மணி, தெரியாத ஊரில், தாழ் போட்ட வீட்டுக்குள் நிற்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஜிப் திறந்தது. ரெஜிஸ்டரை எடுத்து, டீப்பாயில் விரித்து, தரையில் உட்கார்ந்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

"ஒங்க பேரு சொல்லுங்க தம்பி. இனிஷியலோட."

"எதுக்கு?"

"கதவு சாத்தியிருந்துச்சுன்னு எழுதணும். சாத்துனது யாருன்னு எழுதணும். மணி பதினொண்ணு இருவது." எழுதிக்கொண்டே பேசினார். எழுத்து கோணிக்கொண்டு போனது. "இந்த ரெஜிஸ்டர கோர்ட்டு கேட்டா நான் குடுத்தாகணும். பேரு சொல்லலன்னா, பேரு சொல்ல மறுத்துட்டாருன்னு எழுதுவேன்."

சாட்சிக்கு வந்த இரண்டு பேரில் ஒருவர் முதலில் எழுந்தார். "எனக்கு எதுக்குப்பா வம்பு" என்று அவரே போய்த் தாழ்ப்பாளை எடுத்தார். இன்னொருவர் பின்னாலேயே போனார். மாமியார் போனார். மாப்பிள்ளை போனார். கடைசியில் அண்ணனும் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு எழுந்தார்.

நான் சுதாவின் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீங்களும்தான்" என்றார் மேடம்.

வெளியே வெயில் சுட்டது. எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு முகங்கள். சுவர் நிழலில் இடம் குறைவாக இருந்ததால் நானும் மாப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. அவர் மணி பார்த்தார். நானும் பார்த்தேன். உள்ளே அவள் என்ன சொல்கிறாளோ என்று இரண்டு பேரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் மாமாவோடு நின்ற அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு நான் நின்றது இந்த மனிதர் இப்போது நிற்கிற இடத்தில்தான். பக்கத்தில் நின்றவரின் முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. மேடம் தாளை அண்ணனிடம் நீட்டினார்.

"அவுங்க போடல."

அண்ணன் ஏதேதோ கத்தினார். மேடம் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். பின்னால் சுதா வந்தாள். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் ஸ்கூல் பையும் ஒரு துணிப்பையும். மாப்பிள்ளை ஒரு அடி முன்னால் வந்தார். அவள் நின்று அவரை நேராகப் பார்த்தாள். "கோர்ட்ல பேசிக்கலாம்" என்றாள். அவர் நகர்ந்துகொண்டார். தெருமுனை ஆட்டோ வரைக்கும் நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வழக்கு குடும்ப நீதிமன்றத்தில் இரண்டு வருஷம் நடந்தது. குழந்தை சுதாவிடம்தான் இருக்கிறாள். சுதா ஒரு ஆடிட்டரிடம் சேர்ந்து, இப்போது அந்த அலுவலகத்தையே பார்த்துக்கொள்கிறாள். மேடம் அதற்குப் பிறகு ஒரு வருஷம்தான் தொழிலில் இருந்தார். லைசென்ஸைப் புதுப்பிக்காமல் மகள் ஊருக்குப் போய்விட்டார். அங்கேயே காலமானதாகக் கேள்விப்பட்டேன். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவரிடமிருந்து அப்படி எதையும் நான் எதிர்பார்த்ததும் இல்லை.

அன்றைக்குச் சிதம்பரத்திலிருந்து திரும்பி வந்த பஸ்ஸில் மூவர் உட்காரும் சீட் காலியாக இருந்தது. அதில் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, மேடம் தள்ளிப்போய் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தார். பஸ் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் தலை சாய்ந்து தூங்கிப்போனார். குழந்தையும் என் மடியில் தூங்கிவிட்டது. சுதா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"சுதா, அன்னைக்கு மேடம்கிட்ட என்ன சொன்ன?"

இவ்வளவு வருஷம் கழித்துக் கேட்டதில் அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

"அந்த வேலை எனக்கு வேணும்னு சொன்னேன்."

டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டர் போகும்வரை நான் காத்திருந்தேன்.

"அப்புறம் ஏன் அந்த இன்னொரு ஆளுகிட்ட போட்ட?"

அவள் என் பக்கம் திரும்பினாள். கோபம் எதுவும் இல்லை. கணக்கில் விட்டுப்போன ஒரு சின்ன விஷயத்தை எடுத்துச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"அங்க என்னை யாரும் கேக்கலியேண்ணா."